மாநில எல்லைகளை மாற்றும் அதிகாரம்: எளிதாக இருப்பது ஏன்?

2021 ஜூலையில் 'கொங்கு நாடு' என்றொரு தனி நிர்வாகப் பகுதி பற்றிய பேச்சு திடீரென்று கிளம்பி, சில வாரங்கள் அனல் பறக்க ஓடி, வந்த வேகத்திலேயே அடங்கியது. அந்த நாட்களில் தொலைக்காட்சி விவாதங்களிலும் டீக்கடைகளிலும் மூன்று வாதங்கள் திரும்பத் திரும்பக் கேட்டன. 'சட்டமன்றம் ஒப்புக்கொள்ளாமல் தமிழ்நாட்டைப் பிரிக்கவே முடியாது' என்றார்கள் சிலர். 'மொழிவழி அமைந்த மாநிலத்தைத் தொட அரசமைப்புச் சட்டத்தில் இடமே இல்லை' என்றார்கள் வேறு சிலர். 'தில்லி நினைத்தால் நாளைக்கே பிரிக்கலாம், யாரையும் கேட்க வேண்டியதில்லை' என்றார்கள் இன்னும் சிலர்.

முதல் இரண்டும் தவறு. மூன்றாவது பாதி உண்மை. குழப்பத்தை அதிகம் வளர்ப்பது பாதி உண்மைதான். ஆகவே, இந்திய மாநிலங்களின் எல்லைகள் எப்படி வரையப்பட்டன, எதற்காக மாற்றப்பட்டன, மாற்றும் அதிகாரம் ஏன் நாடாளுமன்றத்திடம் தரப்பட்டது என்பதையெல்லாம் நிதானமாகப் பார்ப்பது அவசியம். 28 மாநிலங்கள், 8 யூனியன் பிரதேசங்கள் என்று இன்று பள்ளிக்கூடச் சுவரில் தொங்கும் வரைபடம் 1950-ல் இருந்ததல்ல. அன்று 'அ' பிரிவில் இருந்த ஒன்பது மாநிலங்களில், எல்லையோ பெயரோ மாறாமல் இன்றுவரை நீடிப்பது ஒன்றுகூட இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

அரசமைப்புச் சட்டத்தின் 3-வது கூறு நாடாளுமன்றத்துக்கு விரிவான அதிகாரம் தருகிறது. புதிய மாநிலத்தை உருவாக்கலாம். இரண்டு மாநிலங்களை இணைக்கலாம். ஒரு மாநிலத்தின் பரப்பைக் கூட்டலாம், குறைக்கலாம். எல்லையையும் பெயரையும் மாற்றலாம். இதற்குச் சாதாரணப் பெரும்பான்மை போதும். இத்தகைய சட்டம் அரசமைப்புச் சட்டத் திருத்தமாகக் கருதப்படாது என்று 4-வது கூறு தெளிவாகவே சொல்லிவிடுகிறது. மாநிலம் எந்த மொழியின் அடிப்படையில் அமைந்தது என்பதைப் பொறுத்து இதில் விதிவிலக்கு எதுவும் இல்லை.

நிபந்தனைகள் இரண்டுதான். மசோதாவைக் குடியரசுத் தலைவரின் பரிந்துரையோடுதான் கொண்டுவர வேண்டும். அதற்கு முன்பு, பாதிக்கப்படும் மாநிலத்தின் சட்டமன்றத்துக்கு அதை அனுப்பிக் கருத்துக் கேட்க வேண்டும். கருத்துச் சொல்லக் கெடு விதிக்கும் அதிகாரம் 1955-ல் வந்த 5-வது திருத்தத்தில் சேர்க்கப்பட்டது. சட்டமன்றம் கெடுவுக்குள் பதில் சொல்லாவிட்டாலும், 'கூடாது' என்றே தீர்மானம் போட்டாலும், நாடாளுமன்றம் மேற்கொண்டு செல்லலாம்.

பம்பாய் மாநிலம் தொடர்பான பாபுலால் பராட்டே வழக்கில் 1959-ல் உச்ச நீதிமன்றம் இதை இன்னும் தெளிவாக்கியது. பம்பாய்ச் சட்டமன்றத்தின் கருத்துக்கு அனுப்பப்பட்ட மசோதா, மகாராஷ்டிரம், குஜராத், பம்பாய் நகரம் என்று மூன்று அலகுகளைப் பற்றிப் பேசியது. நாடாளுமன்றம் நிறைவேற்றியதோ ஒரே இருமொழி மாநிலத்தை. இவ்வளவு மாறிய பிறகும் சட்டமன்றத்திடம் மறுபடியும் கேட்க வேண்டியதில்லை என்றது தீர்ப்பு.

இதன் அகலம் புரிய ஓர் ஒப்பீடு போதும். நாட்டின் ஒரு துண்டு நிலத்தை வேறொரு நாட்டுக்குக் கொடுக்க வேண்டுமென்றால் அரசமைப்புச் சட்டத்தையே திருத்த வேண்டும் என்று 1960-ல் பெருபாரி விவகாரத்தில் உச்ச நீதிமன்றம் சொன்னது. வங்கதேசத்தோடு எல்லையோரச் சிறு பகுதிகளைப் பரிமாறிக்கொள்ள 2015-ல் 100-வது திருத்தம் தேவைப்பட்டதும் அதனால்தான். ஆனால், நாட்டுக்குள்ளேயே ஒரு பெரிய மாநிலத்தை இரண்டாக்க அந்தத் தடை எதுவும் இல்லை.

மற்ற கூட்டாட்சி நாடுகள் இப்படி வைத்துக்கொள்ளவில்லை. அமெரிக்காவில் ஒரு மாநிலத்திலிருந்து இன்னொன்றைப் பிரிக்க அந்த மாநிலச் சட்டமன்றத்தின் சம்மதம் வேண்டும். ஆஸ்திரேலியாவில் மாநில நாடாளுமன்றத்தின் இசைவோடு, அந்த மாநில வாக்காளர்களின் ஒப்புதலும் வேண்டும். சுவிட்சர்லாந்தில் ஜூரா என்ற புதிய மாநிலம் 1979-ல் பிறந்தது, பல கட்ட வாக்கெடுப்புகளுக்குப் பிறகுதான்.

சம்மதம் ஏன் வேண்டாம் என்றார்கள்?

அப்படியானால் நம் அரசமைப்புச் சட்டம் மாநிலங்களை மதிக்கவில்லையா? அவசரப்பட்டு அப்படி முடிவுகட்டக் கூடாது. 1948 நவம்பரில் அரசமைப்பு அவையில் இதே கேள்வி வந்தது. புதிய மாநிலத்துக்கான முயற்சி சம்பந்தப்பட்ட சட்டமன்றத்திலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று கே.டி.ஷா ஒரு திருத்தம் கொண்டுவந்தார். கேட்பதற்கு ஜனநாயகமாகவே இருந்த அந்தத் திருத்தத்தை எதிர்த்தவர்களில் ஒருவர் சென்னை மாகாணத்தைச் சேர்ந்த கே.சந்தானம்.

அவர் காட்டிய உதாரணம் சென்னை மாகாணமேதான். ஆந்திரர்கள் தனி மாகாணம் கேட்கிறார்கள். அதற்கான தீர்மானத்தைச் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவருகிறார்கள். அங்கே பெரும்பான்மை அதைத் தோற்கடித்துவிடுகிறது. அதோடு கதை முடிந்துவிடும். பிரிந்துபோக விரும்பும் பகுதி எப்போதுமே சட்டமன்றத்தில் சிறுபான்மையாகத்தான் இருக்கும். முடிவைச் சட்டமன்றத்திடம் விட்டால் பெரும்பான்மைக்கு நிரந்தரமாக ஒரு பூட்டைக் கொடுத்ததாகிவிடும் என்பதே அந்த வாதத்தின் சாரம்.

இதை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். எல்லைகளை மாற்றுவது எளிதாக வைக்கப்பட்டது, ஒரு மாநிலத்துக்குள் எண்ணிக்கையில் குறைந்த மக்களின் குரல் அடைபட்டுவிடக் கூடாது என்பதற்காக. தில்லியின் வசதி அதன் நோக்கம் அல்ல. இந்த அளவுகோலை வைத்துக்கொண்டுதான் பின்னால் நடந்த ஒவ்வொரு மாற்றத்தையும் எடைபோட வேண்டும்.

இன்னொரு நடைமுறைக் காரணமும் இருந்தது. அரசமைப்புச் சட்டம் எழுதப்பட்டபோது வரைபடம் தற்காலிகமானது என்பது எல்லோருக்கும் தெரியும். பிரிட்டிஷ் ஆட்சி எங்கே எந்தப் போரில் எதைப் பிடித்ததோ அதைச் சேர்த்துச் சேர்த்து மாகாணங்களைக் கட்டியிருந்தது. சென்னை மாகாணத்தில் தமிழும் தெலுங்கும் மலையாளமும் கன்னடமும் துளுவும் ஒரே கூரையின் கீழ் இருந்தன. 1936 வரை கஞ்சம் பகுதியில் ஒடியாவும் இருந்தது. அந்த ஆண்டு ஏப்ரல் 1 அன்று உருவான ஒரிசாதான் மொழியை அடிப்படையாகக் கொண்ட முதல் மாகாணம். இவற்றோடு 550-க்கும் மேற்பட்ட சமஸ்தானங்கள் வேறு. பட்டேலும் வி.பி.மேனனும் அவற்றை இணைத்த வேகத்தில், நிர்வாகத்தை ஒழுங்குபடுத்த நேரமில்லை. ஆகவே, ஆளுநரின் கீழ் 'அ' பிரிவு, முன்னாள் மன்னர்களான ராஜபிரமுகர்களின் கீழ் 'ஆ' பிரிவு, மத்திய அரசின் நேரடிப் பொறுப்பில் 'இ' பிரிவு, அந்தமான் நிகோபாருக்காக 'ஈ' பிரிவு என்று தரம் பிரித்து வைத்தார்கள். சென்னை 'அ' பிரிவு. திருவிதாங்கூர்–கொச்சி 'ஆ' பிரிவு. குடகு 'இ' பிரிவு. ஒரே நாட்டின் குடிமக்களுக்கு ஊருக்கு ஊர் வேறு வேறு அளவில் ஜனநாயகம் என்ற நிலை நெடுநாள் நீடிக்க முடியாது.

மயிலாப்பூரில் ஓர் உண்ணாவிரதம்

காங்கிரஸ் கட்சி 1920 நாகபுரி மாநாட்டிலேயே தன் மாகாணக் குழுக்களை மொழிவழியில் அமைத்துக்கொண்டது. 1928-ன் மோதிலால் நேரு அறிக்கையும் மொழிவழி மாகாணங்களை ஆதரித்தது. விடுதலை கிடைத்ததும் தலைவர்கள் தயங்கினார்கள். மத அடிப்படையில் நாடு பிளவுபட்ட ரத்தம் காயாத நேரத்தில் மொழியின் பெயரால் இன்னொரு கோடா என்ற அச்சம் உண்மையானது. 1948-ல் தார் ஆணையம் மொழிவழிப் பிரிவினை கூடாது என்றது. நேரு, பட்டேல், பட்டாபி சீதாராமையா குழு 1949-ல் தள்ளிப்போடச் சொன்னது. ஆந்திரத்தை மட்டும் யோசிக்கலாம், ஆனால் சென்னை நகரின் மீதான உரிமையை அவர்கள் விட்டுவிட வேண்டும் என்றது அந்தக் குழு.

பொட்டி ஸ்ரீராமுலு 1952 அக்டோபர் 19 அன்று சென்னை மயிலாப்பூரில் புலுசு சாம்பமூர்த்தியின் வீட்டில் உண்ணாவிரதத்தைத் தொடங்கினார். ஏற்கெனவே நீண்ட உண்ணாவிரதங்கள் இருந்து பழகியவர், காந்தியின் சீடர். தில்லி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 58-ம் நாளான டிசம்பர் 15 அன்று அவர் இறந்தார். தெலுங்கு மாவட்டங்கள் கொந்தளித்தன. டிசம்பர் 19 அன்று, சர்ச்சைக்கு இடமில்லாத தெலுங்குப் பகுதிகளைக் கொண்டு, சென்னை நகரம் நீங்கலாக, ஆந்திர மாநிலம் அமையும் என்று நேரு அறிவித்தார். 58 நாட்களில் கேட்காத ஒன்றை அடுத்த நான்கே நாட்களில் கேட்டார்கள்.

சென்னை நகரம் யாருக்கு என்பதில் இங்கும் பதற்றம் குறையவில்லை. 'தலையைக் கொடுத்தேனும் தலைநகரைக் காப்போம்' என்று ம.பொ.சி. முழங்கினார். தலைநகரை விட்டுக்கொடுத்த ஆந்திரம் 1953 அக்டோபர் 1 அன்று கர்நூலில் இருந்து ஆட்சியைத் தொடங்கியது. தலைநகரை இழந்த அந்த வலி தெலுங்கு மக்களின் நினைவில் நெடுநாள் இருந்தது. பின்னால் ஹைதராபாத் கிடைக்கும் என்ற ஆசைக்கும் அதுவே ஒரு காரணம்.

1956: தாலுகா தாலுகாவாக

ஆந்திரம் அமைந்ததும் மற்ற மொழியினர் சும்மா இருக்கவில்லை. பசல் அலி தலைமையில் எச்.என்.குன்ஸ்ரு, கே.எம்.பணிக்கர் ஆகியோரைக் கொண்ட மாநில மறுசீரமைப்பு ஆணையம் 1953 டிசம்பரில் அமைக்கப்பட்டு, 1955 செப்டம்பர் 30 அன்று அறிக்கை தந்தது. மொழி முக்கியம், ஆனால் மொழி மட்டுமே போதாது. நாட்டின் ஒற்றுமை, நிதி வலிமை, நிர்வாக வசதி எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது அதன் நிலை. அதே ஆண்டில் அம்பேத்கரும், ஒரு மாநிலத்துக்கு ஒரு மொழி இருக்கட்டும், ஆனால் ஒரு மொழிக்கு ஒரே மாநிலம்தான் என்ற கட்டாயம் இல்லை என்று எழுதினார். உத்தரப் பிரதேசத்தை மூன்றாகவும் பிகாரை இரண்டாகவும் பிரிக்கலாம் என்பது அவர் யோசனை.

1956 நவம்பர் 1 அன்று அ, ஆ, இ, ஈ பிரிவுகள் ஒழிந்தன. 14 மாநிலங்களும் 6 யூனியன் பிரதேசங்களும் பிறந்தன. இந்தப் பெரிய மாற்றம் அடிமட்டத்தில் எப்படி நடந்தது என்பதற்குக் குமரி முனை நல்ல சான்று. திருவிதாங்கூரின் தமிழ்ப் பகுதிகளைத் தமிழ்நாட்டோடு இணைக்க மார்ஷல் நேசமணி தலைமையில் நடந்த போராட்டத்தில் 1954 ஆகஸ்ட் 11 அன்று போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. ஆணையம் தாலுகா தாலுகாவாகக் கணக்குப் பார்த்தது. அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கும் சென்னைக்கு வந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. செங்கோட்டையின் பெரும்பகுதி திருநெல்வேலியோடு சேர்ந்தது.

தேவிகுளம், பீர்மேடு இரண்டிலும் தமிழர்கள் பெருமளவில் இருந்தாலும் அவை கேரளத்திலேயே தங்கின. அங்குள்ள தமிழர்களில் பலர் தோட்ட வேலைக்கு வந்துபோகிறவர்கள் என்பதும், அந்த மலைப்பகுதி கேரளத்தின் பொருளாதாரத்துக்கு இன்றியமையாதது என்பதும் ஆணையம் சொன்ன காரணங்கள். முல்லைப் பெரியாறு அணை நிற்பது அந்தப் பீர்மேடு தாலுகாவில்தான். அணையை இயக்குவது தமிழ்நாடு, அணை இருக்கும் மண் கேரளம் என்ற இன்றைய நிலையைப் புரிந்துகொள்ள 1956-ன் அந்தத் தாலுகா கணக்குக்குத்தான் போக வேண்டும். மலபாரும் காசர்கோடும் கேரளத்துக்குப் போயின. கொள்ளேகாலமும் காசர்கோடு நீங்கலான தென் கன்னடமும் மைசூருக்குப் போயின. ஆந்திரத்தோடு இருந்த வடக்கு எல்லைத் தகராறு பட்டாஸ்கர் பரிந்துரைப்படி தீர்ந்து, 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி நமக்கு வந்தது. பெயர் மாற்றத்துக்கு இன்னும் காத்திருக்க வேண்டியிருந்தது. பெயர் மாற்றம் உள்ளிட்ட 12 கோரிக்கைகளோடு உண்ணாவிரதமிருந்து சங்கரலிங்கனார் உயிர்நீத்தது 1956 அக்டோபரில். 'தமிழ்நாடு' என்ற பெயர் நடைமுறைக்கு வந்தது 1969 ஜனவரி 14 அன்று.

மொழிக்கு அப்பால்

1956-லேயே வேலை முடிந்துவிட்டதாக எண்ணுவது அடுத்த பிழை. பம்பாயை இருமொழி மாநிலமாக வைத்திருக்கும் முயற்சி நான்கு ஆண்டுகூட நிற்கவில்லை. நூறுக்கும் மேற்பட்டோரின் உயிரைக் கொண்டுபோன சம்யுக்த மகாராஷ்டிரப் போராட்டத்துக்கும், இந்துலால் யாக்னிக் முன்னின்ற மகாகுஜராத் இயக்கத்துக்கும் பிறகு 1960 மே 1 அன்று மகாராஷ்டிரமும் குஜராத்தும் பிரிந்தன. 1966 நவம்பர் 1 அன்று பஞ்சாபிலிருந்து ஹரியாணா பிரிந்தது. அன்று இரு மாநிலங்களுக்கும் பொதுத் தலைநகராக்கப்பட்ட சண்டிகர் இன்றும் அப்படியே இருக்கிறது.

வடகிழக்கில் காரணம் வேறு. நாகாலாந்து 1963-ல் உருவானது. 1960-ல் அசாம் அரசு அசாமிய மொழியை ஆட்சிமொழியாக்கியது மலைவாழ் மக்களுக்கு அச்சம் தந்தது. காசி, காரோ மலைப்பகுதிகள் 1970-ல் அசாமுக்குள்ளேயே தன்னாட்சி மாநிலமாகி, 1972 ஜனவரி 21 அன்று மேகாலயா என்ற முழு மாநிலமாயின. மணிப்பூரும் திரிபுராவும் அன்றே மாநிலத் தகுதி பெற்றன. மிசோரத்தில் 1966-ல் தொடங்கிய ஆயுதக் கிளர்ச்சி 1986 ஒப்பந்தத்தோடு முடிந்து, கிளர்ச்சித் தலைவர் லால்தெங்காவே முதலமைச்சரானார். 1987-ல் மிசோரம் மாநிலமானது. இருபது ஆண்டு துப்பாக்கி தராத அமைதியை ஒரு மாநிலத் தகுதி தந்தது. ஆனால், கோட்டைச் சரியாக வரையாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் இதே மிசோரம் சாட்சி. அசாமோடு அதன் எல்லை 1875 அறிவிக்கையின்படியா, 1933 அறிவிக்கையின்படியா என்ற தகராறு தீராமல் கிடந்து, இங்கே கொங்கு நாடு விவாதம் நடந்த அதே 2021 ஜூலையில் இரு மாநிலப் போலீசாரும் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டார்கள். அசாம் காவலர்கள் உயிரிழந்தார்கள்.

கோவாவில் மக்களையே நேரடியாகக் கேட்டார்கள். மகாராஷ்டிரத்தோடு இணையலாமா என்று 1967 ஜனவரியில் நடந்த வாக்கெடுப்பில் கோவா மக்கள் வேண்டாம் என்றார்கள். இருபது ஆண்டு கழித்துக் கோவா தனி மாநிலமானது. இன்றுவரை அந்த முடிவைக் கிளறுவார் இல்லை.

2000 நவம்பரில் பிறந்த சத்தீஸ்கர், உத்தராஞ்சல், ஜார்க்கண்ட் மூன்றுக்கும் மொழி காரணமே அல்ல. ராய்ப்பூரும் போபாலும் பேசுவது ஒரே இந்திதான். கனிமமும் காடும் இருந்தும் வறுமையில் கிடந்த பழங்குடிப் பகுதிகள், சமவெளியின் சட்டங்கள் பொருந்தாத மலைமக்கள், தலைநகரம் எட்டாத தொலைவில் இருக்கிறதே என்ற ஆதங்கம் ஆகியவையே காரணங்கள். தாய் மாநிலச் சட்டமன்றங்களும் இசைந்த பிறகே அந்த மூன்று பிரிவினைகளும் நடந்தன. அதனால் பெரிய கசப்பு மிஞ்சவில்லை.

தெலங்கானா சொல்லும் பாடம்

இந்தக் கதையின் எல்லா இழைகளும் ஒரே இடத்தில் சேர்வது தெலங்கானாவில். நிஜாமின் ஹைதராபாத் மாநிலத்தைச் சேர்ந்த தெலங்கானாவை உடனே ஆந்திரத்தோடு இணைக்க வேண்டாம் என்றுதான் பசல் அலி ஆணையம் சொன்னது. 1961-ஐ ஒட்டி வரும் பொதுத் தேர்தலுக்குப் பிறகு, அந்தச் சட்டமன்றம் மூன்றில் இரண்டு பங்கு பெரும்பான்மையோடு விரும்பினால் இணையலாம் என்பது அதன் பரிந்துரை. அந்தக் காத்திருப்பு நடக்கவில்லை. 1956 பிப்ரவரி 20 அன்று இரு தரப்புத் தலைவர்களும் ஒரு 'கனவான்கள் ஒப்பந்தம்' செய்துகொண்டார்கள். முதலமைச்சர் ஒரு பகுதியைச் சேர்ந்தவர் என்றால் துணை முதலமைச்சர் இன்னொரு பகுதியைச் சேர்ந்தவர்; தெலங்கானாவின் உபரி வருவாய் தெலங்கானாவுக்கே; வேலைவாய்ப்பில் உள்ளூர்க்காரர்களுக்குப் பாதுகாப்பு. இவையே ஒப்பந்தத்தின் சாரம்.

முதல் அமைச்சரவையிலேயே துணை முதலமைச்சர் நியமிக்கப்படவில்லை. மற்ற வாக்குறுதிகளும் ஒவ்வொன்றாக நீர்த்துப்போயின. 1969-ல் மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். 1971 மக்களவைத் தேர்தலில் தெலங்கானா பிரஜா சமிதி அந்தப் பகுதியின் 14 இடங்களில் 10-ஐ வென்றது. அதற்கு மேல் தெளிவாக மக்கள் எப்படிப் பேச முடியும்? ஆயினும் மாநிலம் பிரியவில்லை. அடுத்த ஆண்டு மறுபக்கம் 'ஜெய் ஆந்திரா' கிளர்ச்சி. பின்னர் வந்த ஆறு அம்சத் திட்டமும் 371டி கூறும் நெருப்பைச் சாம்பலால் மூடின. ஒரே தாய்மொழி பேசுகிறவர்களே பிரிய விரும்பினார்கள் என்றால், மொழி இணைத்ததை அலட்சியம் பிரித்தது என்றே பொருள்.

2009 டிசம்பர் 9 அன்று பிரிவினை நடவடிக்கை தொடங்கும் என்று மத்திய அரசு அறிவித்தது. பிறகு தயங்கி, ஸ்ரீகிருஷ்ணா குழுவை அமைத்து, அதன் அறிக்கையையும் கிடப்பில் போட்டது. கடைசியில் மசோதா ஆந்திரச் சட்டமன்றத்துக்குப் போனபோது, 2014 ஜனவரி 30 அன்று குரல் வாக்கெடுப்பில் அது நிராகரிக்கப்பட்டது. பிப்ரவரி 18 அன்று மக்களவை அதை நிறைவேற்றியபோது நேரலை ஒளிபரப்பு நின்றுபோயிருந்தது. ஜூன் 2 அன்று தெலங்கானா பிறந்தது.

இங்கே சந்தானத்தின் வாதத்தை மறுபடி எண்ணிப்பார்க்க வேண்டும். ஆந்திரச் சட்டமன்றத்தின் சம்மதம் கட்டாயமாக இருந்திருந்தால் தெலங்கானா என்றைக்கும் பிறந்திருக்காது. அந்த வகையில் 3-வது கூறு தான் எழுதப்பட்ட காரணத்துக்கே பயன்பட்டது. ஆனால், நடந்த முறை சரியில்லை. ஆந்திரப் பக்கத்து மக்களின் கவலைகள் நியாயமானவை. சென்னை, கர்நூல், ஹைதராபாத் என்று மூன்று தலைநகரங்களை விட்டு வந்தவர்கள் அவர்கள். பாகப்பிரிவினையில் கிணறும் வழித்தடமும் யாருக்கு என்று முதலில் பேசி முடிக்காவிட்டால் வழக்கு பேரன் காலம்வரை போகும். இங்கேயும் கிருஷ்ணா நீர், மின்சாரம், பொது நிறுவனங்களின் சொத்து எல்லாம் பிரிவினைக்குப் பிறகும் பல ஆண்டுகள் இழுத்தன. ஹைதராபாத் பத்து ஆண்டுகளுக்குப் பொதுத் தலைநகர் என்றார்கள். 2024 ஜூனில் அந்தக் கெடு முடிந்தபோதும் அமராவதி கட்டி முடிந்திருக்கவில்லை.

எதிர்த்திசையில் ஒரு பயணம்

1956 முதல் 2014 வரை மாற்றம் ஒரே திசையில் சென்றது. யூனியன் பிரதேசங்கள் மாநிலங்களாயின. மாநிலத்துக்குள் ஒடுங்கிக் கிடந்த பகுதிகள் தனி மாநிலங்களாயின. 2019-ல் முதல்முறையாக அது தலைகீழானது. ஆகஸ்ட் 5, 6 தேதிகளில் இரு அவைகளும் நிறைவேற்றிய சட்டம், ஜம்மு–காஷ்மீர் மாநிலத்தை இரண்டு யூனியன் பிரதேசங்களாக்கியது.

அதுவரை எல்லை மாற்றத்துக்குச் சம்மதம் வேண்டும் என்ற பாதுகாப்பு இந்தியாவில் ஒரே ஒரு மாநிலத்துக்குத்தான் இருந்தது; அது ஜம்மு–காஷ்மீர். 370-வது கூறின் கீழ் 1954-ல் வந்த ஆணை அதைத் தந்திருந்தது. அந்தப் பாதுகாப்பு நீக்கப்பட்டபோது சட்டமன்றமே இல்லை. 2018 நவம்பரில் அது கலைக்கப்பட்டு, குடியரசுத் தலைவர் ஆட்சி நடந்துகொண்டிருந்தது. மாநிலம் சொல்ல வேண்டிய கருத்தை நாடாளுமன்றமே சொல்லி, நாடாளுமன்றமே கேட்டுக்கொண்டது. 2023 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் லடாக் பிரிக்கப்பட்டதை ஏற்றது. முழு மாநிலத்தை யூனியன் பிரதேசமாக்கலாமா என்ற கேள்விக்குப் பதில் சொல்லவில்லை; மாநிலத் தகுதி திரும்பத் தரப்படும் என்ற அரசின் உறுதியைப் பதிவுசெய்துகொண்டு அதைத் திறந்தே வைத்தது.

370-வது கூறு பற்றி யாருக்கு எந்தக் கருத்து இருந்தாலும், இந்த நடைமுறை எல்லா மாநிலங்களுக்கும் கவலை தர வேண்டும். லடாக் மக்களில் பலர் காஷ்மீரிலிருந்து பிரிய விரும்பியது உண்மை. அதைக் கேட்டது 3-வது கூறின் நோக்கத்துக்கு உட்பட்டதுதான். மற்றவர்களைக் கேட்க ஓர் அவைகூட இல்லாத நேரத்தில் மாநிலத் தகுதியையே எடுத்துவிட்டது அந்த நோக்கத்துக்கு நேர் எதிரானது.

என்ன செய்ய வேண்டும்?

தொடக்கத்தில் சொன்ன மூன்று வாதங்களுக்கும் இப்போது பதில் சொல்லலாம். சட்டமன்றத்தின் சம்மதம் இல்லாமலும் மாநிலத்தைப் பிரிக்கலாம். மொழிவழி மாநிலத்துக்குத் தனிப் பாதுகாப்பு எதுவும் கிடையாது. ஆனால், கேட்காமல் பிரிக்க முடியாது. கேட்டுவிட்டு அலட்சியப்படுத்துவது சட்டப்படி செல்லுபடியானாலும் நியாயம் ஆகாது.

ஆகவே, இந்த அதிகாரத்தைச் சுருக்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. அமெரிக்கா போலச் சட்டமன்றச் சம்மதத்தைக் கட்டாயமாக்கினால், நாளைய தெலங்கானாக்களின் கதவை மூடியதாகிவிடும். கேட்கும் கடமையை வலுவாக்குவதே வழி. அதற்கு முதலில், தேர்ந்தெடுக்கப்பட்ட சட்டமன்றம் இயங்காத காலத்தில் எந்த மாநிலத்தின் எல்லையையும் தகுதியையும் தொடக் கூடாது என்று சட்டம் சொல்ல வேண்டும். சட்டமன்றம் மறுத்தால், ஏன் மீறுகிறோம் என்ற காரணத்தை மத்திய அரசு எழுத்தில் நாடாளுமன்றத்தின் முன் வைக்க வேண்டும். பிரிய விரும்பும் பகுதியின் பிரதிநிதிகள் என்ன சொன்னார்கள் என்பதும் அதில் தனியாக இடம்பெற வேண்டும். தண்ணீர், தலைநகரம், கடன், அரசு ஊழியர்கள் ஆகிய நான்கையும் மசோதா வருவதற்கு முன்பே ஒரு சுயேச்சையான ஆணையம் பேசி முடித்திருக்க வேண்டும். உண்ணாவிரதமும் தேர்தல் கணக்கும் முடிவுசெய்வதற்குப் பதில், பசல் அலி ஆணையம் போன்ற ஓர் அமைப்பு சாவகாசமாக ஆராய்ந்து முடிவுசெய்யும் வழியை மறுபடி திறக்க வேண்டும். 2011-ல் உத்தரப் பிரதேசச் சட்டமன்றம் மாநிலத்தை நான்காகப் பிரிக்கக் கோரித் தீர்மானம் போட்டது. விதர்பா கோரிக்கை பசல் அலி காலத்திலிருந்தே இருக்கிறது. இவற்றை ஆற அமரக் கேட்க இன்று நாட்டில் ஒரு மேடை இல்லை.

மாநில அரசுகளுக்கும் இதில் பங்கு உண்டு. தனி மாநிலக் கோரிக்கைகள் பெரும்பாலும் ஏதோ ஒரு வாக்குறுதி மீறப்பட்ட இடத்தில்தான் முளைக்கின்றன. 1956-ல் 13 மாவட்டங்களாக இருந்த தமிழ்நாடு இன்று 38 மாவட்டங்களாகியிருக்கிறது. ஆட்சியரைப் பார்க்க நூறு கிலோமீட்டர் பயணம் போக வேண்டிய நிலை பல ஊர்களில் மாறியது அதனால்தான். நிதியும் முடிவெடுக்கும் உரிமையும் மாவட்டத்துக்கும் உள்ளாட்சிக்கும் போய்ச் சேர்ந்தால், தொலைவின் ஆதங்கம் பிரிவினைக் கோரிக்கையாக வளர வேண்டிய அவசியம் இருக்காது. தில்லி மாநிலங்களைக் கேட்க வேண்டும் என்று வலியுறுத்துகிறவர்கள், மாநிலத் தலைநகரங்களும் தங்கள் மாவட்டங்களைக் கேட்க வேண்டும் என்பதையும் சேர்த்தே ஏற்க வேண்டும்.

1950-ல் பலர் அஞ்சியதுபோல, எல்லைகள் மாறியதால் இந்தியா உடையவில்லை. மக்கள் கேட்டதைக் காலம் தாழ்த்தியாவது கேட்டுக்கொண்டதால்தான் உறுதிப்பட்டது. ஸ்ரீராமுலுவின் உயிரும், மும்பைத் தெருக்களில் விழுந்தவர்களின் உயிரும், தெலங்கானாவின் இழந்த தலைமுறைகளும் அந்தக் காலதாமதத்துக்கு நாடு கொடுத்த விலை. அந்த விலையை மறுபடி கொடுக்காமல் இருக்க, 3-வது கூறு தரும் அதிகாரத்தைக் கையில் எடுக்கும் எந்த அரசும் அது யாருக்காக எழுதப்பட்டது என்பதை மறக்காமல் இருக்க வேண்டும்.